முன்வகுத்த கதையும் மாந்தர் உள்ளப்புண்ணும்

கதை இயற்றுவோர் இருவகையினர். ஒரு நூலை முற்ற எழுதி, அடித்தும் திருத்தியும் செப்பஞ்செய்து, அதன் பின்னரே உலகிற்குக் காட்டுவோர் ஒருவகையினர். பகுதி பகுதியாக எழுதி, எழுதியதை மை உலருமுன் பிறர் கையில் ஒப்புவித்து, அடுத்த பகுதியை அதன்மேல் அடுக்கிச் செல்வோர் மற்றொரு வகையினர். முன்னவர் முதல் அதிகாரத்தில் நேர்ந்த பிழையை இறுதி அதிகாரம் முடிந்த பின்னரும் களையலாம். பின்னவர்க்கு அவ்வுரிமை இல்லை, வெளிவந்தது வெளிவந்ததே. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், தம் 'மார்ட்டின் சஸில்விட்' மாதந்தோறும் வெளிவந்துகொண்டிருந்த 1843-ஆம் ஆண்டில், விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லாமை கண்டு, கதைத்தலைவனை அமெரிக்காவிற்குக் கப்பலேற்றி விட்டனர். நம் மொழியிலும் இராஜமையரது 'கமலாம்பாள் சரித்திரம்' முதலில் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்ததே என்பதை நம் மாணவர் அறிவர்.

தொலைக்காட்சித் தொடர் நாடகம் எழுதுவோர்க்கோ இடுக்கண் இன்னும் மிகுதி. நாவலாசிரியன் படைத்த மாந்தர் நோயுறுவதில்லை. ஊதிய உயர்வு கேட்பதில்லை. வேறு குழுவிற்கு ஏகுவதுமில்லை. நாடக மாந்தரோ உயிருள்ள நடிகரின் உடம்பிற் குடிபுகுந்தவர். நடிகர் நீங்கின் அவரும் நீங்குவர். அன்றியும், பொருள் முதலிடும் நிறுவனம் அடுத்த ஆண்டிற்கு இசையுமோ இசையாதோ என்பது ஆசிரியர்க்கு முன்னரே தெரிவதில்லை. இந்நிலையில், ஐந்தாண்டு நடக்கவேண்டிய கதையொன்றைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ளுதல் இயலுமோ? இயலுமெனின், அவ்வகுப்பு மாந்தரது உள்ளத்துயரை உண்மையாகக் காட்டுதற்குத் துணையாகுமோ, தடையாகுமோ? இவ்வினாக்களைப் பற்றி நாடக அன்பர்கள் பல்லாண்டுகளாக வழக்காடி வருகின்றனர். அவ்வழக்கினை ஒரு நாடகத்தளவில் நிறுத்தி ஆராய்வதே எமது கருத்து.

ஈண்டு ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். போர், கொடுமை, உற்றார் இறப்பு முதலியவற்றால் உள்ளத்தில் ஏற்பட்டு, காலங்கடந்தும் ஆறாது நின்று வருத்தும் தாக்கத்தை மேனாட்டார் குறிக்கும் சொல், கிரேக்க மொழியில் 'புண்' என்னும் பொருளது. அதனைத் தமிழெழுத்தில் 'ட்ராமா' என எழுதின், நாடகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு மயங்கிப் படிப்போர் நகைப்பர். ஆதலின் மூலப்பொருளையே தழுவி 'உள்ளப்புண்' என வழங்குவோம்.

யாம் எடுத்துக்கொண்ட நாடகம் 'பாபிலோன் 5' என்னும் அமெரிக்கத் தொடர். அதன் முன்னோட்டப் படம் 1993-ஆம் ஆண்டிலும், தொடர் 1994 சனவரியிலும் ஒளிபரப்பாயின. 1998 நவம்பரில் தொடர் நிறைவுற்றது. பருவம் ஒன்றிற்கு 22 பகுதியாக ஐந்து பருவங்கள், ஆக 110 பகுதிகள். இவற்றுள் 92 பகுதிகளை எழுதியவர் அந்நாடகத்தை ஆக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ரசின்ஸ்கி என்பவர். மூன்றாம் பருவமும் நான்காம் பருவமும் முற்றிலும் அவர் ஒருவர் கைப்படவே எழுந்தவை. கதை நிகழும் காலம் 2258 முதல் 2262 வரை. இடம், வான்வெளியில் மிதக்கும் ஐந்து மைல் நீள நிலையம் ஒன்று. பற்பல உலகத்தாரும் தூதுவரை அனுப்பிப் போர் நிகழாவண்ணம் பேசித் தீர்த்தற்கென அமைந்தது அது. இரண்டரை இலக்கம் உயிர்கள் அதன்கண் வாழ்கின்றன.

இந்நாடகம் எழுந்த காலத்தில், அமெரிக்கத் தொலைக்காட்சியில், அதிலும் விண்வெளிக் கதைகளில், ஒவ்வொரு பகுதியும் தனித்து நிற்பதே பெருவழக்கு. சென்ற கிழமை மரணத்தின் வாயிலைத் தொட்டு மீண்ட வீரன், இக்கிழமை ஒன்றும் நிகழாதவன்போல் முறுவலித்து நிற்பான். ஸ்ட்ரசின்ஸ்கி இவ்வழக்கினை மறுத்து, தொடக்கமும் நடுவும் முடிவும் உடைய நாவலொன்றைத் தொலைக்காட்சிக்கென எழுதப்போவதாக முன்னரே அறிவித்தனர். இதன் பயன் யாதெனின், மாந்தர்க்கு நினைவு உண்டாயிற்று. உள்ளப்புண் என்பது நினைவின் நோயே அன்றோ? நேற்றை மறந்த மாந்தர்க்கு வடுவும் இல்லை. ஆகவே, கதையை முன்வகுத்தல் என்பதும் உள்ளப்புண்ணைக் காட்டல் என்பதும் வெவ்வேறு பொருள்போல் தோன்றினும், இந்நாடகத்தளவில் ஒன்றையொன்று பற்றி நிற்பனவாம். இதனை மறந்து, 'எனக்குத் திட்டம் வேண்டா, மாந்தரே போதும்' என்பாரும், 'மாந்தர் யாராயினுமாகுக, திட்டம் அழகியது' என்பாரும் தம்முள் மலைதல் வீண் என்பது எமது துணிபு.

இனி, நிலையத்தின் முதல் தலைவராகிய ஜெஃப்ரி சின்க்ளேரைக் காண்போம். அவராக நடித்தவர் மைக்கேல் ஓஹேர். கதை தொடங்குதற்குப் பத்தாண்டு முன்னர், மின்பாரி என்னும் வேற்றுலகத்தார் மனிதக் குலத்தோடு பொருது பூமியை நெருங்கினர். இறுதி அரணாக நின்ற இருபதினாயிரவருள் எஞ்சியவர் இருநூற்றுவரே. சின்க்ளேர் தம் ஊர்தியைப் பகைக் கலத்தின்மேல் மோதி மாளத் துணிந்து பாய்ந்தனர். அதன்பின் நிகழ்ந்தது அவர்க்கு நினைவில்லை. இருபத்துநான்கு மணிநேரம் கழித்து விழித்தபோது போர் முடிந்திருந்தது. வெற்றியின் விளிம்பில் நின்ற மின்பாரியரே பணிந்து விட்டனர். தோழர் அனைவரும் மடியத் தான்மட்டும் பிழைத்தது ஏன்? இழந்த அந்நாளில் தமக்கு யாது நேர்ந்தது? இவ்விரண்டும் சின்க்ளேரை விட்டு நீங்காத வினாக்கள்.

முதற்பருவத்தின் நான்காம் பகுதியிலே, நண்பராகிய காவற்றலைவர் கரிபால்டி அவரைத் தனியே கண்டு, ஆபத்து எங்கெங்குளதோ அங்கெல்லாம் தாமே சென்று தலைகொடுக்கும் வழக்கத்தைச் சுட்டிக்காட்டுகின்றனர். போரிலிருந்து மீண்டோர் பலர், வாழ்தற்கேற்ற பொருளைத் தேடுவதினும் சாதற்கேற்ற பொருளைத் தேடுதல் எளிதெனக் கொண்டு திரிகின்றனர் என்பது அவர் உரையின் கருத்து. அக்காட்சியில் மறைபொருள் எதுவுமில்லை; கதைத் திட்டத்திற்கு அது இன்றியமையாததும் அன்று. இரு நண்பர் நின்று பேசுகின்றனர், அவ்வளவே. ஆயினும் சின்க்ளேரது புண்ணை இதனினும் நன்கு காட்டும் இடம் முதற்பருவத்தில் வேறில்லை என்போம்.

எட்டாம் பகுதியோ வேறு வகையினது. பகைவர் இருவர் சின்க்ளேரைக் கவர்ந்து சென்று, மாய உலகொன்றில் அவர் உள்ளத்தைச் சிறைப்படுத்தி, இழந்த நாளின் நினைவைப் பிடுங்க முயல்கின்றனர். ஆளற்ற நிலையத்தில் தனியே விழித்து, எதிர்ப்படுவது மெய்யோ பொய்யோ எனத் தெளியாது அலைகின்றார். முடிவில், மின்பாரியரின் மன்றத்தார்முன் தாம் கட்டுண்டு நின்றதும், முகம் மறைத்த அம்மன்றத்தாருள் ஒருவர், இன்று தம் நிலையத்தில் தூதுவராக உலவும் டெலென் என்னும் நங்கையே என்பதும் நினைவிற்கு வருகின்றன. வந்த நினைவை அவர் டெலெனிடம் மறைக்கின்றார்.

இவ்விடத்தே அன்பர் வழக்கு இரண்டாகப் பிரியும். 'இஃது உள்ளப்புண் அன்று, பூட்டிய பெட்டி. ஆசிரியர் திறவுகோலைத் தம் கையில் வைத்துக்கொண்டு நம்மை அலைக்கழிக்கின்றார்' என்பர் ஒரு சாரார். எம் வகுப்புத் தோழர் ஒருவரும் இக்கட்சியினரே. விடுதியில் உணவு ஆறும்வரை இதனைச் சாதித்தனர். 'நினைவு அற்றுப்போதல் போரிற் புண்பட்டார்க்கு இயல்பாக நிகழக்கூடியதே. ஆசிரியர் அதனையே கதையின் முடிச்சாக்கினார்' என்பர் மற்றொரு சாரார். எமக்குத் தோன்றுவது இது: புதிராகவும் புண்ணாகவும் ஒரே பொருள் நிற்றல் கூடும். ஆனால் புதிர் அவிழுங்கால் புண்ணுற்றவன் அருகில் இருத்தல் வேண்டும். விடையைக் கேட்டு அவன் முகம் மாறுதலை நாம் காணல் வேண்டும். இல்லையேல் புதிர் தீரும். புண் கேட்பாரற்றுக் கிடக்கும்.

அவ்வாறே நேர்ந்தது. முதற்பருவத்தின் இறுதியில் ஓஹேர் நாடகத்தினின்று விலகினார். 1994 நவம்பரில் இரண்டாம் பருவம் தொடங்கியபோது நிலையத்தின் தலைவர் ஜான் ஷெரிடன். நடித்தவர் புரூஸ் பாக்ஸ்லைட்னர். சின்க்ளேர் மின்பாரியர் உலகிற்குத் தூதுவராகச் சென்றுவிட்டார் என ஓர் உரையால் முடித்தனர். அப்பகுதியிலேயே, டெலெனின் உதவியாளன் லெனியர், பத்தாண்டுப் புதிரின் விடையை எடுத்துரைக்கின்றான். மின்பாரியரின் ஆன்மாக்கள் மனித உடலிற் பிறக்கின்றன என்னும் நம்பிக்கை சின்க்ளேரைச் சோதித்தபோது உறுதிப்பட்டதென்றும், தம்மவரையே கொல்லலாகாதென அஞ்சி அவர்கள் பணிந்தனர் என்றும் கூறுகின்றான். யாரிடம் கூறுகின்றான்? ஷெரிடனிடமும் இவனோவாவிடமும். பத்தாண்டு அவ்வினாவைச் சுமந்தவர் அவ்வறையில் இல்லை. இக்காட்சியை எத்துணைமுறை கண்டாலும் எமக்குக் குறை தீர்வதில்லை.

'அனைத்தும் முன்னரே வகுக்கப்பட்டது' என்று சாதிக்கும் அன்பர்க்கு இவ்விடம் பெரும் இடையூறு. அவர்க்கு ஆசிரியரே ஒரு விடை தந்திருந்தனர். எந்நடிகர் எப்பொழுது நீங்கினும் கதை நில்லாவண்ணம், ஒவ்வொரு மாந்தர்க்கும் வெளியேறும் வழியொன்றை முன்னரே அமைத்திருந்ததாக அவர் பலகாற் கூறியுள்ளார். நம் பழைய அரண்களிற் பிறர் அறியாது வெளிப்போதற்கு அமைத்த சுருங்கையை இஃது ஒக்கும். ஆயினும் சுருங்கை உண்டென்பதால் கோட்டையை விட்டு நீங்குதலே முதற்கருத்து என்றாகாது. பின்னாளில் ஸ்ட்ரசின்ஸ்கி தம் நாடகப் பிரதிகளைத் தொகுதிகளாக வெளியிட்டபோது, தொடக்கத்தில் எழுதிய கதைச்சுருக்கமும் வெளிவந்தது. அதன்கண் சின்க்ளேரே இறுதிவரை தலைவர். டெலெனை மணப்பவரும் அவரே. ஐந்தாம் ஆண்டு முடிவில் நிலையம் அழிய, கதை மற்றொரு தொடருக்குச் செல்கின்றது. நாம் கண்ட நாடகமோ இவ்வாறன்று. ஆகவே, திட்டம் இருந்ததென்பதும் மெய். அத்திட்டமே நிறைவேறிற்று என்பது மெய்யன்று. இவ்விரண்டையும் ஒருங்கே ஒப்புக்கொள்வார் அன்பருள் அரியர். நூற்குற்றங்களுள் 'மாறுகொளக் கூறல்' என்பதொன்றைப் பயின்ற நம்மனோர், ஆசிரியர் அக்குற்றத்திற்கு எத்துணை அஞ்சினார் என்பதை இந்நாடகம் முழுதும் காணலாம். முன் காட்டியதை ஒருபோதும் இல்லையென்னாது, அதற்கு வேறு பொருள் கொடுத்தே முன்செல்கின்றார். உரையாசிரியர் செய்யும் தொழிலும் ஏறத்தாழ இதுதானே!

சுருங்கை நன்கு பயன்பட்ட இடமும் உண்டு. இவனோவாவின் தாய் பிறர் உள்ளத்தை அறியும் ஆற்றலுடையவர். அவ்வாற்றல் உடையாரைத் தன்கீழ்ப் படுத்தும் அரசக் கழகத்தில் சேர மறுத்தமையால், ஆற்றலை அடக்கும் மருந்தைப் பத்தாண்டு ஊசிவழி ஏற்று, ஒளியிழந்து, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இதனை முதற்பருவத் தொடக்கத்திலேயே இவனோவா, அக்கழகத்தைச் சேர்ந்த டாலியா என்பவளிடம் கூறி, உன்னோடு எனக்கு நட்பில்லை என விலக்குகின்றாள். ஈராண்டில் வெறுப்பு மெல்லக் கரைந்து அன்பாகின்றது. அந்நிலையில் டாலியாவாக நடித்தவர் நாடகத்தை விட்டு நீங்க விரும்பினார். 1995-ல் வந்த பகுதியில், கழகத்தார் டாலியாவின் உள்ளத்தில் அவளும் அறியாது புதைத்துவைத்த மற்றொருத்தி விழித்தெழுந்து, நாம் அறிந்த டாலியாவை விழுங்கி விடுகின்றாள். தாயை விழுங்கிய கழகமே தோழியையும் விழுங்கியது. நடிகர் நீங்கியது தற்செயல். ஆனால் இவனோவாவின் புண்ணையே அஃது இன்னும் ஆழமாக்கியது. சின்க்ளேர் நீங்கியபோது கிட்டாத பொருத்தம் இங்குக் கிட்டிற்று.

நிற்க. திட்டத்தின் முழு வலியையும் காணவேண்டுவார் லாண்டோ, ஜிகார் என்னும் இருவர் கதையைக் காண்க. லாண்டோ, சென்டாரி அரசின் தூதுவர். நடித்தவர் பீட்டர் ஜுராசிக். ஜிகார், நார்ன் நாட்டுத் தூதுவர். நடித்தவர் ஆண்ட்ரியாஸ் கட்சுலாஸ். நார்ன் நாடு நெடுங்காலம் சென்டாரியர்க்கு அடிமைப்பட்டிருந்தது. ஜிகாரின் தந்தை, பணிசெய்த இல்லத்தில் தலைவிமேல் பானம் சிந்திய குற்றத்திற்காக மரத்திற் கட்டித் தொங்கவிடப்பட்டு மாண்டவர். தொடரின் முதற்பகுதியிலேயே லாண்டோ தமது கனவொன்றைச் சின்க்ளேரிடம் கூறுகின்றார்: இருபதாண்டு கழித்துத் தாமும் ஜிகாரும் ஒருவர் கழுத்தை ஒருவர் பற்றியவாறே மடிவதாகக் கண்டாராம். கனாத்திறம் உரைத்த காதையைப் பயின்ற நமக்குக் கனவு கதையில் ஏன் வருகின்றதென்று யாரும் கற்பிக்க வேண்டா. நாம் அச்சத்தோடு காத்திருப்போம். ஆனால் எதை அஞ்சினோமோ அதன் பொருள் வரும்போது வேறாக வரும்.

மூன்றாம் பருவத்தில் 'முடிவில்லாப் போர்' என்னும் பொருளுடைய தலைப்பில் இரு பகுதிகள் 1996-ல் வந்தன. அங்கே வருங்காலத்தின் ஒரு துணுக்குத் தோன்றுகின்றது. முதியவராகிய லாண்டோ பேரரசர். ஆயின் அவர் தோளில் ஒட்டிய தீய உயிரொன்று அவரை ஆட்டிவைக்கின்றது. மது மிகுதியால் அது கண்ணயரும் சிறுபொழுதில், தம்மைக் கொன்றுவிடுமாறு ஜிகாரையே அவர் வேண்டுகின்றார். ஜிகார் கழுத்தைப் பற்ற, உறங்கிய உயிர் விழித்து லாண்டோவின் கைகளை எழுப்புகின்றது, இருவரும் மடிகின்றனர். முதற்பகுதியில் பகையாகத் தோன்றிய கனவு, ஈராண்டு கழித்து இரக்கமாயிற்று. அக்காட்சியில் ஜிகார் ஒற்றைக்கண்ணர். அஃது ஏன் என்பதை நான்காம் பருவம் தெரிவிக்கும். பித்தனாகிய பேரரசன் கார்ட்டாஜியா அவரைச் சிறைப்படுத்திச் சவுக்கால் அடிப்பிக்கின்றான். நாற்பதாம் அடி உயிரைப் போக்கும். அலறினால் பிழைப்பார். முப்பத்தொன்பது வரை வாய்திறவாது நின்று, அதன் பின்னரே அலறுகின்றார். கண் பறிக்கப்பட்டதும் அவன் ஆணையாலேயே.

இக்கொடுமைக்குப் பின் ஜிகார் எவ்வாறு வாழ்ந்தார் என்பதில்தான் ஆசிரியரது உண்மையான ஆற்றல் விளங்குகின்றது. அவர் பழிவாங்கும் தலைவராகவில்லை. நாட்டார் அளித்த தலைமையையும் ஏற்கவில்லை. ஐந்தாம் பருவத்தில், தம் மக்கள் லாண்டோவின் மக்களை மன்னித்தல் இயலாதென்றும், தாம் லாண்டோ ஒருவரை மன்னிக்க இயலுமென்றும் சொல்லிப் பிரிகின்றார். 'இத்துணைப் பாடுபட்டவன் மன்னிப்பது இயற்கையன்று. ஆசிரியரது திட்டத்திற்கு அது தேவையாயிற்று' என்று கூறுவாரை யாம் அறிவோம். அவர் ஒன்றைக் கருதவில்லை. ஜிகார் தம் நாட்டார் பொருட்டு மன்னிப்பு வழங்கவில்லை. அதற்குத் தமக்கு உரிமையில்லை என்பதை அறிந்தே, தம் பங்கினை மட்டும் பிரித்தளந்து கொடுக்கின்றார். புண்பட்டவனன்றி வேறு யாரும் அவ்வாறு அளந்து பேசார்.

நான்காம் பருவத்தின் பிற்பகுதி இவ்வளவு நிறைவுடையது அன்று. தொடரை ஒளிபரப்பிய வலையமைப்பு குலைந்துகொண்டிருந்தமையால் ஐந்தாம் ஆண்டு உறுதியற்றதாயிற்று. ஆசிரியர் பெரும்போர்களை விரைந்து முடித்து, இறுதிப் பகுதியையும் படமாக்கி விட்டனர். பின்னர் வேறொரு நிறுவனம் ஐந்தாம் பருவத்தை ஏற்றுக்கொள்ளவே, படமாக்கிய இறுதியை எடுத்துவைத்து, அதன் இடத்திற்கு வேறொரு பகுதியை ஆக்கினர். இவ்விரைவின் தீங்கு ஷெரிடன் கதையில் வெளிப்படுகின்றது. அவர் தம் அரசாற் சிறைப்பட்டு, பொய் வாக்குமூலத்தில் ஒப்பமிடுமாறு வதைக்கப்படும் பகுதி 1997-ல் வந்தது. ஏறத்தாழ முழுதும் ஓர் அறை, ஒரு கைதி, ஓர் அலுவலர். அவ்வலுவலர் சினப்பதுமில்லை, நகைப்பதுமில்லை. கோப்புகளை ஒழுங்குபடுத்தும் எழுத்தர்போலத் தம் தொழிலைச் செய்கின்றார். ஷெரிடன் பணியாது நின்றதன் பயன், மற்றொரு அலுவலர் வந்து முதலிலிருந்து தொடங்குவதே. இப்பகுதியோடு பருவத்தை முடித்து ஓராண்டு காத்திருக்கச் செய்தலே தம் முதற்கருத்தென ஆசிரியர் கூறியுள்ளார். அங்ஙனம் நிகழ்ந்திருப்பின் ஷெரிடனது புண் ஆறுதற்கும், ஆறாமையைக் காட்டுதற்கும் இடம் கிடைத்திருக்கும். நாம் கண்டதோ, மீட்கப்பட்டவர் விரைவிலேயே கப்பற்படையை நடத்திச் செல்வது. இவ்விடத்தில் திட்டத்தைக் குறைகூறுதல் தகாது. திட்டம் குலைந்ததையே குறைகூறல் வேண்டும். பகைவரால் உள்ளம் திரிக்கப்பட்டு ஷெரிடனைக் காட்டிக்கொடுத்த கரிபால்டியோ, ஐந்தாம் பருவத்தில் மீண்டும் குடியில் வீழ்கின்றார். அவர்க்கேனும் புண்ணைச் சுமக்க ஓராண்டு கிடைத்தது.

அன்பர் வழக்கே ஆசிரியர் வழியிற் குறுக்கிட்ட வரலாறும் ஒன்றுண்டு. ஸ்ட்ரசின்ஸ்கி அந்நாளிலேயே கணினிச் செய்திக்குழுக்களில் அன்பர்களோடு நேரே உரையாடி வந்தார். கதைக் கருத்துகளை மட்டும் தமக்கு எழுதலாகாதென வேண்டிக்கொண்டார். ஓர் அன்பர், தாம் எண்ணிக்கொண்டிருந்த கதையோடு ஒத்த கருத்தொன்றை அறியாது எழுதிவிடவே, பிறர் கருத்தைக் கவர்ந்தாரென்னும் வழக்கிற்கு அஞ்சி, அவ்வன்பர் உரிமை விடுத்து எழுதிக்கொடுக்கும்வரை அக்கதையை ஒதுக்கிவைத்தார். பின்னர் 1995-ல் வெளிவந்த அப்பகுதியின் பெயரில் 'கெத்செமனே' என்னும் சொல் உளது. ஆசிரியர் தம்மை நாத்திகர் என வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர். எனினும் கிறிஸ்தவராகிய எமக்கு அப்பகுதி பெரிதும் நெஞ்சிற் பதிந்தது.

நிலையத்தில் வாழும் துறவியருள் எட்வர்ட் என்பவர் சாந்தமே உருவானவர். நும் மறையில் நும் உள்ளத்தைத் தொட்டது யாதென டெலென் வினவ, அவர் தோட்டத்து இரவைச் சொல்கின்றார். இயேசு பெருமான் போர்ச்சேவகர் வருமுன் தப்பிச் சென்றிருத்தல் கூடும், செல்லாது நின்றார், தாமாயின் நின்றிருப்பாரோ என்பதே அத்துறவியின் ஐயம். பின்னர் அவர் அறிகின்றார்: தாம் முன்னாளில் பலரைக் கொன்ற கொடியவன், நீதிமன்றம் அவர் நினைவை அழித்துப் புதிய உள்ளத்தைப் படைத்துவிட்டது. மாண்டவர்தம் உறவினர் பழிதீர்க்க வருகின்றனர். எட்வர்ட் தப்பவில்லை, நின்று மடிகின்றார். கொன்றவருள் ஒருவனும் அதே தண்டனை பெற்று, நினைவழிந்து, அதே மடத்தில் துறவியாகி வந்து, ஷெரிடன்முன் கைநீட்டுகின்றான். மன்னிப்பைப் பற்றி நன்கு பேசக்கூடியவராகிய ஷெரிடன் அக்கையைப் பற்றுமுன் தயங்கி நிற்கும் அச்சிறுபொழுதே பகுதியின் சிகரம். நினைவில்லாதவனுக்குக் குற்றம் உண்டோ என அன்பர் வழக்காடுவர். எட்வர்டுக்கு அவ்வழக்கு எழவேயில்லை. நினைவில்லாத பாவத்திற்கு எவ்வாறு மன்னிப்புக் கேட்பதென்பதே அவர் கலக்கம்.

இனி ஓஹேரைப் பற்றி எஞ்சியதைக் கூறுவோம். அவர் நீங்கியது ஏன் என்னும் வழக்கு பதினெட்டாண்டு நீடித்தது. புகழ்மிக்க நடிகரை நிறுவனத்தார் வேண்டினர் என்றனர் சிலர். ஆசிரியர்க்கும் நடிகர்க்கும் பிணக்கு என்றனர் சிலர். மரம்போல் நடித்தார், நீங்கியது நன்றே என்று எழுதினாரும் பலர். கதைக்குப் புதிய தலைவன் தேவைப்பட்டான் என்பதே ஆசிரியர் வெளியிற் சொன்ன காரணம். ஓஹேர் 2012 செப்டம்பரில் இறந்தார். 2013 மே மாதத்தில், அன்பர் கூடிய அவையொன்றில், ஸ்ட்ரசின்ஸ்கி உண்மையை உரைத்தார். முதற்பருவம் படமாகிக்கொண்டிருந்த காலத்திலேயே ஓஹேர்க்கு மனநோய் கண்டது. இல்லாத பகைவர் தம்மைச் சூழ்வதாகத் தோன்றும் அச்சம் நாளுக்கு நாள் முற்றிற்று. மருத்துவம் பெறுதற்காகப் படப்பிடிப்பைச் சில திங்கள் நிறுத்திவைக்கலாம் என ஆசிரியர் கூறினார். நிறுத்தினால் தொடரே நின்றுபோகும், உடன் உழைப்பார் அனைவரும் பிழைப்பிழப்பர் என்று ஓஹேர் மறுத்துவிட்டு, பருவம் முடியுமட்டும் நடித்துக் கொடுத்தார். இம்மறையை என் கல்லறைவரை காப்பேன் என்றாராம் ஆசிரியர். என் கல்லறைவரை காத்தாற் போதும், பின்னர்ச் சொல்லுக, பிறர்க்குப் பயன்படலாம் என்றாராம் நடிகர்.

இச்செய்தி வெளிவந்தபின் பழைய வழக்குரைகளைப் படித்தல் எமக்கு அரிதாயிற்று. திட்டம் பிழைத்ததா என்று அளந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். லெனியர் விடை கூறும் காட்சியைப் பற்றி யாம் முன் சொன்ன குறையை மாற்றிக்கொள்ளவில்லை. கலையளவில் அது குறையே. ஆனால் அவ்வறையில் சின்க்ளேர் இல்லாமைக்குக் காரணம் இன்னதெனத் தெரிந்தபின், ஆசிரியர் அவ்விடத்தை அவ்வளவு விரைந்து கடந்தது ஏன் என்பதும் தெரிகின்றது. அன்றே வாய்திறந்திருப்பின் தம்மேல் வந்த பழி நீங்கியிருக்கும், திறக்கவில்லை.

மருத்துவத்தால் ஓரளவு தேறிய ஓஹேர், 'முடிவில்லாப் போரில்' நடிப்பதற்கு மீண்டும் வந்தார். அதன் தொடக்கத்தில், மின்பாரியர் உலகில் வாழும் சின்க்ளேரிடம் தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையுடைய மடல் ஒன்று ஒப்புவிக்கப்படுகின்றது. மேல்விலாசம் அவர் பெயர்க்கு. எழுத்தும் அவருடையதே. தாம் ஆயிரம் ஆண்டு பின்னோக்கிச் சென்று, மின்பாரியர் தொழும் வாலென் என்னும் பெருந்தலைவராக வாழ்ந்து, அங்கிருந்து தமக்கே எழுதியது அது. போரில் இழந்த ஒருநாளின் விடையை இம்முறை வேறொருவர் வாய்வழி அன்றித் தம் கையெழுத்தாலேயே சின்க்ளேர் பெறுகின்றார். மடலைப் படித்து நிமிரும்பொழுது ஓஹேரின் முகத்தில் வியப்பு மிகுதியில்லை. நெடுநாள் தேடிய பொருளைத் தன் வீட்டிலேயே கண்டவர்போல அமைதியே மிகுதி. அக்காட்சியை முன்பு மரம்போன்ற நடிப்பென்று எழுதியவருள் சிலர், 2013-க்குப் பின் அதனை மீளவும் பார்த்ததாகக் கூறினர்.